சார்ல்ஸ்டனில் ஒரு நாள்: அரிசி கட்டிய ஊரைப் பார்ப்பதும் அங்கே உண்பதும்

நீங்கள் கேட்டிருந்தது இது: வட கரோலினாவின் ஷார்லட் நகரில் வசிக்கிறீர்கள், ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை மார்ச் மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனுக்கு அழைத்துச் சென்று, அன்றிரவே திரும்ப விரும்புகிறீர்கள், அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் நெல் விவசாயம் செய்தவர், மீனும் கறியும் உண்பார், அம்மா சுத்த சைவம், இருவரும் நடப்பார்கள், ஆனால் நாள் முழுவதும் நடக்க முடியாது. எதைப் பார்ப்பது, எதை விடுவது, எங்கே என்ன சாப்பிடுவது என்பது கேள்வி.

இந்த ஊரைப் பற்றிய வழிகாட்டிகள் பெரும்பாலும் வண்ண வீடுகளில் தொடங்கி, கடற்கரைப் பூங்காவில் முடித்து, நடுவே இறால் உணவு ஒன்றைச் சேர்த்துவிடுகின்றன. அப்படிப் பார்த்தாலும் ஊர் அழகாகவே இருக்கும். ஆனால் அந்த மாளிகைகளும் அந்தச் சாப்பாடும் ஒரே கைகளிலிருந்து வந்தவை என்பது அந்த வரிசையில் புலப்படாது. சார்ல்ஸ்டனைக் கட்டியது அரிசி. அரிசியை விளைவித்தவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள். இன்று ஊரின் பெருமையாக விற்கப்படும் உணவில் பாதிக்கு மேல் அவர்கள் சமையலறையிலிருந்து எழுந்தது. ஆகவே முதலில் அவர்கள் வந்திறங்கிய துறை, பிறகு அவர்களுடைய உணவு, அதன்பின் மாளிகைகள் என்ற வரிசையில் நாளை அமைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் பரிந்துரை. நெல் தெரிந்த ஒருவர் உடன் வருகிறார் என்பதால் இது இன்னும் பொருந்தும்.

ஷார்லட்டிலிருந்து ஏறத்தாழ 200 மைல்; மூன்றரை மணி நேரம் ஆகும். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஒன்பது மணிக்கு ஊருக்குள் இருப்பீர்கள். பழைய நகரம் ஆஷ்லி, கூப்பர் என்ற இரண்டு ஆறுகளுக்கு இடையே நாக்குப்போல் நீண்டிருக்கும் நிலம். அந்த இரண்டு ஆறுகளும் கூடித்தான் அட்லாண்டிக் பெருங்கடல் உண்டாகிறது என்று உள்ளூர்க்காரர்கள் தங்கள் பெருமையைத் தாங்களே கேலி செய்துகொள்வார்கள். தெருவோரத்தில் வண்டி நிறுத்த இடம் தேடி நேரத்தை வீணாக்காமல், மீட்டிங் தெருவிலுள்ள பயணியர் தகவல் மையத்தை ஒட்டிய நிறுத்தகத்தில் காரை விட்டுவிடுங்கள். அங்கிருந்து நகரின் மையப் பகுதிக்குள் டாஷ் என்ற பேருந்து கட்டணமின்றி ஓடுகிறது. கிளம்பும் முன் அன்றைய கடல் ஏற்றவற்ற நேரத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது. மழையே இல்லாவிட்டாலும் பெரிய ஏற்றத்தின்போது சந்தையைச் சுற்றியுள்ள தாழ்ந்த தெருக்களில் கடல்நீர் கணுக்கால் அளவு தேங்குவது இந்த ஊரில் இப்போது வழக்கமாகிவிட்டது.

காலை உணவைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளலாம். கிங் தெருவில் கேலிஸ் ஹாட் லிட்டில் பிஸ்கட் என்ற சின்னஞ்சிறு கடை உண்டு. இங்கே பிஸ்கட் என்பது நம் ஊர் மொறுமொறுப்பான பண்டமன்று. வெண்ணெயும் மோரும் சேர்த்துச் சுட்ட, உள்ளே மெத்தென்று இருக்கும் சிறிய ரொட்டி. கிரிட்ஸையும் காலையிலேயே அறிமுகம் செய்துவிடலாம். கரகரப்பாக அரைத்த வெள்ளை மக்காச்சோள ரவையை நீரிலோ பாலிலோ நெடுநேரம் கிண்டி, வெண்ணெய் சேர்த்து எடுப்பார்கள்; நம் வீடுகளில் கிண்டும் சோளக் களியின் நெருங்கிய உறவு என்று சொன்னால் உங்கள் பெற்றோருக்கு விளங்கிவிடும். அம்மாவுக்குச் சீஸ் சேர்த்த கிரிட்ஸ் போதுமானது. நல்ல கடையின் கிரிட்ஸில் ரவை தனித்தனியாகப் பல்லில் படும். பசைபோல் வழிந்தால் அது பொட்டலத்திலிருந்து வந்த உடனடி மாவு.

பத்து மணிக்குப் பன்னாட்டு ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்குமாறு நேரம் குறித்த நுழைவுச்சீட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுங்கள். 2023 ஜூனில் திறக்கப்பட்ட இந்தக் கட்டடம் நிற்கும் இடம் கேட்ஸ்டன் துறை. 1806 முதல் அடிமைக் கப்பல்கள் சரக்கிறக்க வேண்டிய ஒரே துறையாக நகராட்சி இதைத்தான் குறித்திருந்தது. 1808 ஜனவரி 1 முதல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது சட்டப்படி தடைசெய்யப்படவிருந்ததால், அதற்கு முந்தைய இரண்டாண்டுகளில் வணிகர்கள் முண்டியடித்துக்கொண்டு மனிதர்களை இங்கே இறக்கினார்கள். வட அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தினர் சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் வழியாகவே வந்தார்கள் என்பது வரலாற்றாசிரியர்கள் பரவலாகச் சொல்லும் கணக்கு.

அந்த மண்ணைத் தொடாமல் இருக்க வேண்டும் என்பதற்காகக் கட்டடம் முழுவதையும் 13 அடி உயரத்தில் 18 தூண்களின்மேல் நிறுத்தியிருக்கிறார்கள். கீழே உள்ள நினைவுத் தோட்டத்தில், கப்பல் அடித்தளத்தில் மனிதர்களை நெருக்கி அடுக்கிய முறையைக் காட்டும் உருவங்கள் தரையில் பதிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின்மேல் நீர் மெல்ல ஏறி மறையும். தோட்டத்துக்குள் செல்லக் கட்டணம் இல்லை. மேலே உள்ள காட்சிக்கூடங்கள் பல. எல்லாவற்றையும் பார்க்க முயலாமல், கல்லா கீச்சி மக்களைப் பற்றிய கூடத்திலும் கரோலினா அரிசியைப் பற்றிய பகுதியிலும் நேரத்தைச் செலவிடுங்கள். தென்கிழக்குக் கடற்கரையையும் அதன் தீவுகளையும் ஒட்டி வாழ்ந்த அடிமைகளின் வழித்தோன்றல்களே கல்லா கீச்சி மக்கள். ஒதுங்கிய வாழ்க்கையால் தங்களுக்கென ஒரு கலப்பு மொழியையும், கைவினைகளையும், சமையலையும் இன்றுவரை காத்துவைத்திருக்கிறார்கள். 2006இல் அமெரிக்க நாடாளுமன்றம் இவர்கள் வாழும் கடற்கரைப் பகுதியைத் தேசியப் பாரம்பரிய வட்டாரமாக அறிவித்தது.

இங்கே உங்கள் அப்பாவிடம் விளக்கத் தகுந்த செய்தி ஒன்று உண்டு. 1670இல் ஆங்கிலேயர்கள் இந்தக் குடியேற்றத்தை நிறுவியபோது அவர்களுக்கு நெல் சாகுபடி தெரியாது. நூற்றாண்டின் கடைசியில் நெல் காலூன்றியது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆற்றுமுகங்களை ஒட்டிய சதுப்புநிலங்களில் ஒரு நுட்பமான முறை பரவியது. கடல் ஏற்றத்தின்போது உப்புநீர் ஆற்றுக்குள் நுழைந்து, தனக்கு முன்னால் இருக்கும் நன்னீரை மேல்நோக்கித் தள்ளும். அந்த நன்னீர் வயலுக்குள் வருமாறு, கரை எழுப்பி, மரத்தாலான மதகுகளை அமைத்து, ஏற்றத்தில் திறந்து நீர் பாய்ச்சி, இறக்கத்தில் திறந்து வடித்தார்கள். சற்றுக் கீழே வயல் அமைத்தால் உப்பு ஏறிப் பயிர் கருகும். சற்று மேலே போனால் ஏற்றத்தின் விசை எட்டாது. சைப்ரஸ் மரக் காடுகளை வெட்டி, மலேரியா கொசுவும் பாம்பும் நிறைந்த சேற்றில் மைல் கணக்கில் இந்தக் கரைகளை எழுப்பியவர்கள் அடிமைகள். செனகாம்பியா, சியரா லியோன் பகுதிகளில் பல தலைமுறைகளாக நெல் விளைவித்துவந்த மக்களுக்கு நடவும் நீர்க்கட்டும் தெரியும் என்பதால், சார்ல்ஸ்டனின் அடிமை ஏலங்களில் அவர்களைத் தேடி வாங்கினார்கள். அறுத்த நெல்லை உரலில் இட்டு உலக்கையால் குத்தி, அகன்ற கூடைகளில் புடைத்து எடுத்ததும் பெரும்பாலும் பெண்களே. அமெரிக்க விடுதலைப் போருக்கு முந்தைய ஆண்டுகளில், பிரிட்டனின் வட அமெரிக்கக் குடியேற்றங்களில் வெள்ளையர்களின் தலைக்குரிய செல்வம் மிகுந்த இடமாக இந்த ஊர் விளங்கியதற்கு இந்த நெல்லே முதற்காரணம்.

அடிமைமுறை ஒழிந்தபின் அந்த உழைப்பு இல்லாமல் வயல்கள் நிலைக்கவில்லை. லூசியானா, டெக்சஸ், ஆர்கன்சா பகுதிகளில் இயந்திரம் இறக்கிப் பயிரிட்டதோடு போட்டியிட முடியவில்லை. அடுத்தடுத்து வந்த புயல்கள் மீதியை முடித்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வணிகச் சாகுபடி நின்றுபோயிற்று. கரோலினா கோல்டு என்ற அந்தப் பழைய நெல் 1980களில் விதை வங்கியிலிருந்து பெறப்பட்டு மீண்டும் பயிரிடப்பட்டது. முற்றிய உமி பொன்னிறமாக இருப்பதால் அந்தப் பெயர்.

மதிய உணவுக்குச் சுற்றுலாத் தெருக்களை விட்டு விலகி, பிளேக் தெருவிலுள்ள ஹனிபல்ஸ் கிச்சனுக்குப் போகச் சொல்வேன். அலங்காரம் எதுவுமற்ற, அக்கம்பக்கத்து உழைப்பாளிகள் உண்ணும் கல்லா உணவகம் அது. அங்கே அப்பா உண்ண வேண்டியது நண்டுச் சாதம்: ஆய்ந்தெடுத்த நீலநண்டின் சதையை வெங்காயம், குடைமிளகாயோடு வதக்கி, சோற்றோடு கலந்து இரும்புத்தட்டில் புரட்டித் தருவார்கள். வறுத்த இறாலும் மேலே சேர்த்துக்கொள்ளலாம். மசாலாவின் ஆரவாரம் இல்லை. நண்டின் இனிப்பும் மிளகின் காரமும் மட்டும் இருக்கும். நமக்குப் பழக்கமில்லாத அளவுக்கு எளிமையாகத் தோன்றினாலும், இரண்டாவது கவளத்தில் அதன் நியாயம் புரியும் என்று நினைக்கிறேன்.

சிவப்புச் சாதம் என்று அழைக்கப்படும் இன்னொரு உணவு இந்த வட்டாரம் முழுவதும் உண்டு. தக்காளியும் வெங்காயமும் வதக்கி, அதிலேயே அரிசியை வேகவைப்பது. மேற்கு ஆப்பிரிக்காவின் ஜோலோஃப் சாதத்தின் நேர் வாரிசு. பார்வைக்கு நம் தக்காளிச் சாதத்தைப் போலவே இருப்பதால் அம்மாவுக்கு வாங்கித் தரலாம் என்று தோன்றும், தயவுசெய்து வாங்காதீர்கள். பன்றிக் கொழுப்பிலோ புகையூட்டிய தொத்திறைச்சியிலோதான் அதைத் தொடங்குவார்கள். இந்தச் சமையலில் சைவம் உண்பவருக்குள்ள பெரிய தொல்லையே இதுதான். காலர்டு என்ற அகன்ற இலைக் கீரை, காராமணி, அவரைவகைகள், முட்டைக்கோஸ் எல்லாமே பெயரளவில் காய்கறி. ஆனால் பானைக்குள் ஒரு துண்டு பன்றிக்கால் கிடக்கும். “இதில் இறைச்சி இருக்கிறதா?” என்று கேட்டால் இல்லை என்ற பதில் நேர்மையாகவே வரலாம், ஏனெனில் சுவைக்குப் போட்டதை அவர்கள் இறைச்சியாகக் கணக்கிடுவதில்லை. “பன்றிக்கொழுப்போ கோழிச்சாறோ சேர்த்துச் சமைத்ததா?” என்று கேட்க வேண்டும். மக்ரோனியும் சீஸும் சேர்த்துச் சுட்டது, வறுத்த பச்சைத் தக்காளி, சோளமாவில் புரட்டிப் பொரித்த வெண்டைக்காய் ஆகியவை அம்மாவுக்கு ஓரளவு ஏற்றவை. பொரிக்கும் எண்ணெய் மீனுக்கும் பொதுவானதா என்பதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். அவர் அதில் மிகுந்த ஆசாரம் பார்ப்பவரானால், வீட்டிலிருந்து ஒரு பொட்டலம் புளிச்சோறு கட்டிக்கொண்டு போவதில் எந்த வெட்கமும் இல்லை.

வெண்டைக்காய், காராமணி, எள் ஆகியவையெல்லாம் இந்த மண்ணுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களின் வழியாக வந்தவை. தங்கள் வீட்டுக் கொல்லையில் அடிமைகள் வளர்த்த பயிர்களே பிறகு எசமானர் வீட்டு மேசைக்குப் போயின, ஏனெனில் அந்தச் சமையலறையில் நின்றவர்களும் அவர்களே. காராமணியும் அரிசியும் சேர்த்துச் சமைத்த ஹாப்பின் ஜான் என்ற சோற்றைப் புத்தாண்டு நாளில் உண்டால் ஆண்டு முழுவதும் குறைவிருக்காது என்பது தென் மாநிலங்கள் முழுவதிலும் உள்ள நம்பிக்கை. எள்ளையும் பழுப்புச் சர்க்கரையையும் வெண்ணெயில் சேர்த்துச் சுட்ட பென்னே வேஃபர் என்ற மெல்லிய தட்டைகள் சந்தையில் எங்கும் கிடைக்கும். அப்பாவுக்குப் பிடிக்கும் என்று துணிந்து சொல்லலாம்; பெரும்பாலும் முட்டை சேர்ப்பதால் அம்மாவுக்குக் கேட்டு வாங்குங்கள். உப்புநீரில் தோலோடு அவித்த வேர்க்கடலையையும் விட்டுவிடாதீர்கள். நெடுஞ்சாலையோரத்தில் பெரிய அண்டாக்களில் கொதிக்கவைத்து விற்கிறார்கள். 2006 முதல் தென் கரோலினாவின் அதிகாரபூர்வமான மாநிலத் தின்பண்டம் அதுவே. அமெரிக்காவின் பிற பகுதிகளில் அவித்த கடலையைப் பார்த்து முகம் சுளிப்பார்கள் என்பதால், இந்த ஒரு விஷயத்திலாவது தென் கரோலினாக்காரர்களும் நாமும் ஒரு கட்சி.

பிற்பகல் இரண்டு மணிக்கு நகரச் சந்தைக்கு வரலாம். மீட்டிங் தெருவில் 1841இல் கட்டப்பட்ட முகப்புக் கட்டடத்திலிருந்து கிழக்கே ஆற்றை நோக்கி நீளும் தாழ்ந்த செங்கல் கொட்டகைகள் இவை. இங்கேதான் அடிமைகளை விற்றார்கள் என்று சொல்வோர் இன்னும் இருக்கிறார்கள், அது தவறு. இங்கே விற்றது இறைச்சியும் மீனும் காய்கறியுமே. எறியப்பட்ட இறைச்சிக் கழிவைத் தின்று தூய்மை செய்ததால் பிணந்தின்னிக் கழுகுகளைக் கொல்வது அக்காலத்தில் தண்டனைக்குரியதாக இருந்தது. இன்றைய கடைகளில் பெரும்பகுதி எந்தச் சுற்றுலாத் தலத்திலும் கிடைக்கும் பொருள்கள். அவற்றைக் கடந்து, கூடை முடையும் பெண்களிடம் நில்லுங்கள்.

ஸ்வீட்கிராஸ் என்ற கடற்கரைப் புல்லைக் கயிறுபோல் கூட்டி, சுருள்சுருளாக அடுக்கி, பால்மெட்டோ என்ற பனைவகை மரத்தின் ஓலைக்கீற்றால் தைத்துக்கொண்டே போவது இந்தக் கைவினை. கைப்பிடி உடைந்த கரண்டியின் காம்பைத் தட்டிக் கூராக்கி, அதையே ஊசித்துளை போடும் கருவியாக வைத்திருப்பார்கள். இதன் தாய்வடிவம் நெல் புடைக்கப் பயன்பட்ட அகன்ற தட்டுக் கூடை. தாயிடமிருந்து மகளுக்கு என்று முந்நூறு ஆண்டுகளாகத் தொடர்கிறது. உங்கள் அப்பாவும் அம்மாவும் அதைக் கையில் எடுத்ததும் முறத்தைப் புடைப்பதுபோல் ஆட்டிப்பார்க்கக்கூடும். அதைப் பார்த்து அந்தப் பெண்கள் மகிழவே செய்வார்கள். விலை நமக்குத் திகைப்பைத் தரும்: சிறியவற்றுக்கே பல பத்து டாலர்கள், பெரியவற்றுக்குப் பல நூறு. கடற்கரையெங்கும் விடுதிகளும் வீட்டுமனைகளும் எழுந்துவிட்டதால் புல் அரிதாகிவிட்டது, ஒரு கூடைக்கு நாள்களும் வாரங்களும் ஆகின்றன; ஆகவே பேரம் பேசாதீர்கள். வாங்க இயலாவிட்டால் வியந்து பாராட்டிவிட்டு நகர்வது கண்ணியம். கேட்காமல் படம் எடுப்பது கண்ணியமன்று.

சந்தையிலிருந்து தெற்கே சில நிமிட நடையில், உருண்டைக் கற்கள் பாவிய சால்மர்ஸ் தெரு வரும். முழங்கால் வலி உள்ளவர்கள் ஓரத்து நடைபாதையிலேயே செல்லட்டும். அங்கே உள்ள பழைய அடிமைச் சந்தை அருங்காட்சியகத்தைத்தான் உண்மையான ஏலக்கூடம் என்று சொல்ல வேண்டும். 1856 வரை ஈஸ்ட் பே என்ற கிழக்கு வளைகுடாத் தெருவில், பழைய சுங்க மாளிகையின் அருகில் திறந்த வெளியில் மனிதர்களை ஏலம் விட்டார்கள். அந்த ஆண்டு நகராட்சி அதைத் தடைசெய்தது. காரணம் இரக்கமன்று, ஊருக்கு வரும் வெளியாட்களின் பார்வைக்கு அது அழகாக இல்லை என்பதே. உடனே வணிகம் இந்தத் தெருவின் மதிலுக்குள் நகர்ந்தது. சிறிய அருங்காட்சியகம், காட்சிப் பொருள்களைவிடப் படிக்க வேண்டிய பலகைகளே மிகுதி. அம்மாவுக்கு ஆங்கிலம் படிப்பது சிரமமென்றால், நீங்கள் முதலில் விரைவாகப் பார்த்துவிட்டு, விலைப்பட்டியல் உள்ள பகுதியை மட்டும் அவருக்கு எடுத்துச்சொல்லலாம்.

மீட்டிங் தெருவும் பிராட் தெருவும் சந்திக்கும் முனையில் நான்கு மூலைகளிலும் நகராட்சி மன்றம், மாவட்ட நீதிமன்றம், கூட்டரசின் நீதிமன்றமும் அஞ்சலகமும் இருக்கும் கட்டடம், செயின்ட் மைக்கேல் தேவாலயம் ஆகியவை நிற்பதால், நான்கு சட்டங்களின் முனை என்று அதை அழைப்பார்கள். தேவாலயம் 1752இல் தொடங்கி 1761இல் கட்டி முடிக்கப்பட்டது. 1791இல் ஜார்ஜ் வாஷிங்டன் இங்கே வழிபாட்டுக்கு வந்திருக்கிறார். எதிரே உள்ள நகராட்சி மன்றம் அடிமைகளின் உழைப்பில் எழுந்தது. அதே மன்றத்தில் 2018 ஜூன் 19 அன்று, அடிமைமுறையில் நகரம் வகித்த பங்குக்காக நகராட்சி முறையாக மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது.

பிராட் தெருவுக்குத் தெற்கே இருப்பதுதான் படங்களில் வரும் சார்ல்ஸ்டன். கிழக்கு வளைகுடாத் தெருவில் தொடர்ச்சியாக நிற்கும் 13 வண்ண வீடுகளை ரெயின்போ ரோ என்கிறார்கள். அவை வணிகர்கள் கீழே கடையும் மேலே குடியிருப்புமாக வைத்திருந்த வீடுகள்; உள்நாட்டுப் போருக்குப்பின் சேரிபோல் சிதைந்துகிடந்தன; 1930களில் ஒருவர் வாங்கி இளஞ்சிவப்பு பூச, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். ஆக, நூறாண்டுகூட ஆகாத பூச்சு அது. ஊரே இப்படிப் பழமை மாறாமல் நிற்பதற்குக் காரணமும் வறுமைதான். போரில் தோற்று, அரிசியும் போனபின், இடித்துப் புதிதாகக் கட்டுவதற்கு யாரிடமும் பணம் இல்லை. பணம் வரத் தொடங்கிய காலத்தில் விழித்துக்கொண்ட சிலர் 1920இல் பழைய வீடுகளைக் காக்கும் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். 1931இல் அமெரிக்காவிலேயே முதன்முறையாக ஒரு பழைய பகுதியை முழுமையாகக் காக்கும் நகரச் சட்டம் இங்கே வந்தது.

நடக்கும்போது சில நுணுக்கங்களைக் கவனியுங்கள். பல வீடுகள் தெருவுக்கு முதுகைக் காட்டாமல் விலாவைக் காட்டி நிற்கும். ஓர் அறை அகலம் மட்டுமே உள்ள நீண்ட வீடு; அதன் தெற்கு அல்லது மேற்குப் பக்கம் முழுவதும் மாடிதோறும் திண்ணைபோன்ற தாழ்வாரம்; தெருவில் தெரியும் கதவைத் திறந்தால் வீட்டுக்குள் அன்று, அந்தத் தாழ்வாரத்துக்கே போவோம். கடற்காற்றை வீட்டுக்குள் இழுப்பதற்கான ஏற்பாடு அது. தாழ்வாரத்துக் கூரையின் உட்புறம் இளநீலமாகப் பூசப்பட்டிருக்கும். கெட்ட ஆவிகள் அதை நீரென்று எண்ணித் தாண்டமாட்டா என்பது கல்லா மக்களின் நம்பிக்கை. சுவர்களில் வட்டமாகவோ கூட்டல் குறியாகவோ இரும்புத் தகடுகள் தெரிந்தால், அவை 1886 ஆகஸ்ட் 31 அன்று ஊரைக் குலுக்கிய நிலநடுக்கத்துக்குப்பின் சுவரோடு சுவரைப் பிணைக்க ஊடாகச் செலுத்திய கம்பிகளின் முனைகள். சில பழைய செங்கற்களில் விரல் பதிந்த குழிகளையும் காணலாம். ஈரச்செங்கல்லைத் திருப்பிப்போட்ட அடிமைகளின் விரல்கள் அவை, பல சமயங்களில் சிறுவர்களுடையவை. நான் இந்த ஊரில் எவருக்கும் முதலில் காட்ட விரும்புவது வண்ணச்சுவர்களைவிட இவற்றைத்தான். இரும்புக் கதவுகளின் பூவேலைப்பாட்டில் பல, 1912 முதல் 2009 வரை வாழ்ந்த பிலிப் சிமன்ஸ் என்ற கறுப்பினக் கொல்லரின் பட்டறையில் உருவானவை.

நடை கடினமாக இருந்தால் குதிரை வண்டியில் சுற்றலாம். ஒன்றை மட்டும் அறிந்துகொள்ளுங்கள், எந்த வண்டி எந்தப் பகுதிக்குப் போக வேண்டும் என்பதை நகராட்சியின் சாவடியில் குலுக்கல் முறையில் தீர்மானிக்கிறார்கள், ஆகவே நீங்கள் விரும்பும் தெரு கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஒரே ஒரு மாளிகைக்குள் போக நேரம் இருந்தால், எல்லோரும் போகும் 1808ஆம் ஆண்டின் நத்தானியேல் ரசல் இல்லத்தைவிட எலிசபெத் தெருவின் ஏக்கன்-ரெட் இல்லத்தைப் பரிந்துரைப்பேன். முன்னது சுவரைத் தொடாமல் சுழன்றேறும் படிக்கட்டுக்காகப் பெயர்பெற்றது, சீராகப் புதுப்பிக்கப்பட்டது. பின்னதைப் புதுப்பிக்காமல், உரிந்த சுவர்த்தாளும் மங்கிய வண்ணமுமாக, இருந்தபடியே நிறுத்திவைத்திருக்கிறார்கள். பின்கட்டில் அடிமைகள் சமைத்த அடுப்படியும் அதன்மேல் அவர்கள் உறங்கிய அறைகளும் அப்படியே உள்ளன. ஆனால் அது வடக்கே இருப்பதால், மதிய உணவு முடிந்தவுடனேயே போய்விட்டுச் சந்தைக்கு வருவது வசதி.

மாலை ஐந்து மணிக்குத் தீபகற்பத்தின் முனையிலுள்ள பேட்டரிப் பூங்காவில் உட்காருங்கள். ஓக் மரநிழலில் பழைய பீரங்கிகள் நிற்கும். கடலை நோக்கினால் தொலைவில் ஒரு தட்டையான கோடுபோல் ஃபோர்ட் சம்ட்டர் தெரியும். 1861 ஏப்ரல் 12 விடியலில் அந்தக் கோட்டையின்மீது விழுந்த குண்டுகளோடுதான் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. படகில் அங்கே போய்வர இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும்; ஒரே நாள் உள்ளவர்கள் அதை விட்டுவிடுவதே சரி. அதற்குப் பதில் இந்தக் கரையில் உட்கார்ந்தபடி உங்கள் பெற்றோருக்கு ராபர்ட் ஸ்மால்ஸின் கதையைச் சொல்லுங்கள். 1862 மே 13 அதிகாலையில், பிளான்டர் என்ற, கூட்டரசிலிருந்து பிரிந்துபோன தென் மாநிலங்களின் படைக்கப்பலில் வேலைசெய்த இந்த அடிமை, கப்பலின் வெள்ளை அதிகாரிகள் கரையில் உறங்கிய நேரத்தில், தன் குடும்பத்தையும் தோழர்களையும் ஏற்றிக்கொண்டு, கப்பல் தலைவரின் தொப்பியைத் தானே அணிந்து, ஒவ்வொரு கோட்டைக்கும் உரிய ஊதல் குறியை முறையாகக் கொடுத்துக் கடந்து, கப்பலைக் கூட்டரசின் வடபடையிடம் ஒப்படைத்தார். பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக்கு உறுப்பினராகவும் போனார்.

இரவு உணவுக்கு ஆறு மணிக்கே மேசை பிடித்துவிட்டால் எட்டு மணிக்குக் கிளம்பிவிடலாம்; சனிக்கிழமை என்பதால் சில வாரங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டியிருக்கும். குயின் தெருவிலுள்ள ஹஸ்க், தென்னகத்தில் விளைந்த பொருள்களைக் கொண்டே சமைப்பது என்ற கொள்கையோடு 2010இல் தொடங்கியது; காய்கறிகளையும் மதித்துச் சமைப்பதால் அம்மாவுக்கும் அங்கே ஏதேனும் கிடைக்கும். அப்பாவுக்கு இறாலும் கிரிட்ஸும் சொல்லுங்கள். கால்வாய்களில் பிடித்த சிறிய இறாலைக் கொழுப்பில் வதக்கிச் சோளக்களியின்மேல் ஊற்றி உண்பது ஒரு காலத்தில் மீனவர் வீட்டுக் காலையுணவு. 1980களில் உணவகங்கள் அதைக் கையிலெடுத்தபின் இரவு மேசையின் விலையுயர்ந்த உணவாக மாறிவிட்டது. பெண்நண்டுச் சூப்பும் ஊரின் அடையாளம்: நண்டுச்சதையும் சினையும் பாலாடையும் சேர்ந்த கெட்டியான கஞ்சி. பரிமாறும்போது ஷெரி என்ற மதுவைச் சில துளிகள் விடுவார்கள். வேண்டாமென்றால் முன்பே சொல்லிவிடுங்கள், சில கடைகளில் சமைக்கும்போதே சேர்த்திருப்பார்கள். அந்தச் சூப்பை இந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தவராக, ஒரு மேயரின் வீட்டில் சமைத்த வில்லியம் டீஸ் என்ற கறுப்பினச் சமையற்காரரைச் சொல்வார்கள். அத்தனை செலவு வேண்டாம் என்றால், கிங் தெருவின் வடபகுதியில் ராட்னி ஸ்காட்டின் கடை இருக்கிறது. முழுப்பன்றியைக் கரி நெருப்பில் இரவெல்லாம் சுட்டு, காடியும் மிளகாயும் கலந்த சாறு தடவித் தருவார். அது அப்பாவுக்கு மட்டும் உரிய இடம் என்பதை நினைவில் கொள்க.

நம்மோடு தொடர்புள்ள உணவு ஒன்றையும் குறிப்பிடலாம். கன்ட்ரி கேப்டன் என்ற கோழிக்குழம்பு சார்ல்ஸ்டன், சவானா வட்டாரப் பழைய வீடுகளில் இன்னும் உண்டு. ஆங்கிலோ-இந்தியர் வீடுகளில் வெங்காயமும் மஞ்சளும் மிளகாயும் போட்டுச் செய்த அதே கோழி, கறித்தூளோடு கப்பலேறி இங்கே வந்து, தக்காளியும் உலர்திராட்சையும் பாதாமும் சேர்ந்து, வெள்ளைச் சோற்றின்மேல் அமர்ந்துவிட்டது. உணவகங்களில் அரிதாகவே கிடைக்கும். கண்ணில் பட்டால் வாங்கிப் பாருங்கள். காரத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

கரோலினா கோல்டு அரிசி சந்தையிலும் கிங் தெருவின் உணவுப்பொருள் கடைகளிலும் சிறு துணிப்பைகளில் கிடைக்கும். பாசுமதியைப்போல் நீளமோ மணமோ இல்லை. உலையில் கொதிக்கவைத்து வடித்து, பிறகு சிறுதீயில் சற்று உலர்த்தினால் பருக்கை பருக்கையாக நிற்கும், நீரைக் குறைக்காமல் கிளறினால் குழையும். விலை நம் அரிசியைப்போல் பல மடங்கு. ஒரு பை வாங்கினால் அப்பா மணியைப் பிட்டுப் பார்த்து ஏதேனும் சொல்வார் என்பதற்காகவாவது வாங்கலாம். திரும்பும்போது 26ஆம் எண் நெடுஞ்சாலையில் கொலம்பியா வரை இரவில் மான்கள் குறுக்கிடும், நிதானமாக ஓட்டுங்கள்.